வாசலில் கிடந்த அரசன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். ரொறன்ரோவில் எங்கள் அகதி விசாரணை நடந்த காலை, காத்திருக்கும் அறையில் எதிரே இருந்தவர் ஜோர்ஜியா நாட்டுக்காரர். தடித்த நரைமீசை. யாரோ கொடுத்த கோட்டின் கை விரல்நுனி வரை இறங்கியிருந்தது. சிகரெட் குடிக்கப் போகும்போதெல்லாம் கதவடியில் இருந்த இரும்புப் பட்டியை வேண்டுமென்றே ஊன்றி மிதித்தார்.

"உந்த மனிசன் வாசல்படியை மிதிக்கிறதைப் பாருங்கோ. நீங்கள் மிதிச்சுப்போடாதேங்கோ. எங்கட சீவியமே இண்டையிலதான் கிடக்கு" என்றாள் மனைவி.

பதற்றத்தில், ஏன் மிதிக்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "முன்பு எங்களுக்கு ஓர் அரசன். பதினாறு வயதில் முடிசூடினான். சிதறிய நாட்டைச் சேர்த்தான், தலைநகரை மீட்டான். சாகும்போது, 'என்னைக் கோயில் வாசலில் புதையுங்கள், வருகிற எல்லாரும் என் நெஞ்சை மிதிக்கட்டும்' என்றான். மிதிப்பதுதான் மரியாதை."

எங்களிடம் மிதித்தால் போகிற காரியம் சரிவராது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். விசாரணை அறை வாசலில் நின்று கீழே பார்த்தார். பிறகு காலை உயரத் தூக்கி, பட்டியைத் தாண்டி உள்ளே போனார்.

சற்று நேரத்தில் பக்கத்து அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் அதே பட்டி. மனைவி தாண்டினாள். அவர் மிதிக்காமல் விட்ட அந்த அரசனை நானாவது மிதிக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. பாதத்தை முழுதாக ஊன்றினேன். மனைவி என் கையை நெரித்தாள்.

எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அவர் தாண்டியது பலித்ததா என்பது இன்றுவரை தெரியாது.