லோடாகிற நேரத்தில் மட்டும்

என் கணவருக்குத் திருப்பூரில் நல்ல பேர். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். குடி இல்லை, சீட்டு இல்லை. வீட்டுக்கு வந்தால் பழைய கம்ப்யூட்டரில் கார் ரேஸ் கேம், அவ்வளவுதான். அதற்கே நான் கோயில் கட்டிக் கும்பிட வேண்டுமாம், மாமியார் சொல்கிறார்.

அந்த கேம் திறக்க வெகுநேரம் ஆகும். திரையில் கோடு நகர நகர இவர் படும் எரிச்சலைப் பார்க்கச் சகிக்காமல், என் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் பெண்ணிடம் வழி கேட்டேன்.

"கட்டிங்ல கை ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம் கெடந்தா டெய்லர் தேடோணுமில்லீங்க்கா? ஹார்டு டிஸ்க்லயும் ஃபைல் அப்படித்தான் செதறிக் கெடக்குமுங்க. டிஃப்ராக் பண்ணுங்க, ஒரே பண்டலாயிரும், கேமும் சட்டுனு தெறக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து செய்தேன்.

மறுநாள் என்னைச் செக்கிங் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சாயங்காலம் அவர் கேமைத் தட்டியதும், "ஏனுங்க, ஒரு சேதிங்க" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

"அட, சல்லுனு வந்துருச்சு புள்ள. அப்பறம் சொல்லு" என்றார், திரும்பாமலே.

அப்போதுதான் உறைத்தது. என் அம்மாவின் ஆபரேஷன், மகளின் பள்ளிக்கூடம் என்று இந்த மனிதர் என் முகம் பார்த்துப் பேசியதெல்லாம் அந்தக் கோடு நகர்ந்த நேரத்தில்தான். ஹார்டு டிஸ்க் போட்ட பிச்சையைக் குடித்தனம் என்று நம்பியிருக்கிறேன்.

மாதக்கணக்காகிறது. இவர் தினமும் ரேஸில் ஜெயிக்கிறார். அந்த 'அப்பறம்' மட்டும் இன்னும் வரவில்லை.