மகளின் படிப்புக்கு எதிராக நான் செய்த ஜெபம்

ஜெபத்தைக் கேட்கிற ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அது கேட்க நன்றாக இருக்காது.

எனக்குக் குன்னத்தூர்ப் பக்கம். என் மகள் கிருபா பிறந்து நாற்பது நாள் ஆவதற்குள் அவள் அப்பா லாரி மோதி இறந்துபோனார். ஜாதகம் எழுதினவர், பிள்ளை மூல நட்சத்திரம், அப்பனுக்கு ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார். எழவுக்கு வந்த சொந்தமெல்லாம் அதையே பேசியது. பசிக்கு அழுத குழந்தையை ஒருத்தரும் தூக்கவில்லை. "அப்பனை முழுங்கின பிள்ளை" என்றார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு அருள்புரம் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் நட்சத்திரம் கேட்காமல் அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட ஒரே இடம் எங்கள் சபை. அன்றிலிருந்து நட்சத்திரம் என்ற பேச்சையே வீட்டில் எடுக்க விட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டவும் விடமாட்டேன். பாஸ்டரம்மா என்னைக் கேலி செய்வார்.

கிருபா இயற்பியலில் பட்டம் வாங்கினாள். எனக்குத் தெரியாமல் டியூஷன் எடுத்து, அந்தப் பணத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, மேல்படிப்புக்கு இடமும் வாங்கிவிட்டாள். செலவை ஒரு அறக்கட்டளை ஏற்கும். அதற்கு என் வருமானச் சான்றும் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை நீட்டி, நட்சத்திரங்களைப் பற்றிய படிப்பு, வானியல் என்றாள்.

வானியலும் சோதிடமும் எனக்கு ஒன்றுதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதிலிருந்து தப்பி வந்தேனோ அதையே படிக்க இவள் விமானம் ஏறப்போகிறாளா? அவள் விளக்க வந்தாள், நான் கேட்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில், மகளைச் சோதிடப் படிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கொடுத்தேன். பத்துப் பெண்கள் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். கிருபாவும் அங்கேதான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசித் தேதி போய்விட்டது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் என்னோடு கம்பெனிக்கு வந்து செக்கிங் டேபிளில் நின்றாள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். என் ஜெபம் பலித்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா அவளை உட்கார வைத்து, அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருவார்கள் என்று விசாரித்தார். நட்சத்திரம் எதனால் ஆனது, எப்படி எரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இவ்வளவுதான் என்றாள் கிருபா.

"ஏங்கண்ணு, அதுல ஜாதகமெல்லாம் வராதா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எங்கப்பாவை நான் கொல்லலைன்னு எனக்குத் தெரியோணுங்கம்மா. அதுக்குத்தான் படிக்கோணும்னேன்."

அந்தப் பேச்சு அவள் காதுக்கு எட்டவே இல்லை என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் அன்று தெரிந்துகொண்டேன். நட்சத்திரப் பேச்சு பொய் என்பதால் நான் அதை வெறுக்கவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். சபைக்கு வந்தபோது அந்தச் சோதிடரையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைப் பார்க்கும்போதே அந்தச் சந்தேகமும் ஓரமாக இருந்திருக்கிறது. ஆண்டவருக்கு முன்னால் இதை மறைக்க முடியாது.

அங்கேயே முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, கதவை மூடினது நீர் இல்லை, நான்தான், நீரே திறக்க வேண்டும் என்று கதறினேன். அந்தப் பத்துப் பெண்களும் இந்த முறை அவளுக்காக உபவாசம் இருந்தார்கள்.

உடனே எதுவும் நடக்கவில்லை. அவள் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். ஒரு மாதம் கழித்து, இடத்தை அடுத்த வருடம் வரை வைத்திருப்பதாகப் பதில் வந்தது. உதவித்தொகைக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இந்த முறை கையெழுத்துப் போட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்தோம். போன ஜூன் மாதம், டேபிளில் நிற்கும்போதே அவள் போனுக்கு மெயில் வந்தது. முழுச் செலவையும் ஏற்பதாக எழுதியிருந்தார்கள். அவள் கையிலிருந்த பனியனைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் காட்டினாள். சூப்பர்வைசர் நிற்கிறார் என்றும் பாராமல் நான் வாய்விட்டு அழுதேன்.

அவளுடைய ஒரு வருடத்தை நான் பறித்துவிட்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? மன்னித்துவிட்டேன் என்கிறாள். அவள் படிக்கப் போய்விட்டாள், இப்போது வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். பேச ஆள் இல்லை.

போன வாரம் போனில், அவள் பிறந்த நட்சத்திரத்தின் பெயரை என் வாயால் சொல்லச் சொன்னாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மூலம் என்று சொன்னேன்.

"இப்ப நாம பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்ப அப்பா பொறக்கவே இல்லீங்கம்மா. அதுக்கு நம்மளை யாருன்னே தெரியாது" என்றாள். இருவரும் நெடுநேரம் அழுதோம்.

அன்பானவர்களே, பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து ஜெபிக்காதீர்கள். பயம் என்றே சொல்லி அவரிடம் கொடுத்துவிடுங்கள். பெற்ற மகளுக்கு எதிராக ஜெபித்தவளையே அவர் தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ளமாட்டார், நம்பி வாருங்கள்.