எலிக் காய்ச்சலுக்கு யார் பணம் போடுவது?

"பேசாம நாய்க்குப் பண்ணுங்களேன் மேடம்" என்றார் முதலீட்டாளர். தி. நகர் ஓட்டலின் ஏ.சி. ஹாலில் உட்கார்ந்து, நெய் ரோஸ்ட்டின் முறுகலான நுனியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "அடையாறு பக்கம் நாய் வளர்க்கிறவங்க செலவுக்கு யோசிக்கவே மாட்டாங்க. மனுஷங்களுக்குன்னா இதை யார் வாங்குவா?"

'இது' என்று அவர் சொன்னது, நானும் என்னுடன் வேலை செய்யும் இருவரும் வாடகை ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக மாரடித்து உருவாக்கிய ஒரு சோதனைப் பட்டை. கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரிதான் இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும். இரண்டு கோடு விழுந்தால் எலிக் காய்ச்சல், ஒன்று என்றால் இல்லை. எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் நின்றால் மனிதருக்கும் நாய்க்கும் வருகிற நோய் அது. சீக்கிரம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் சாதாரண மாத்திரையிலேயே அடங்கிவிடும். தெரியாமல் விட்டால் சிறுநீரகம் போகும், பின்னாலேயே ஆளும் போவார்.

அந்தத் தண்ணீரில் நிற்பவர்கள் யார் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் லாபம் பார்க்க முடியாது என்று அந்த மனிதருக்கும் தெரிந்திருந்தது. போட்ட பணத்தை எடுப்பது அவர் தொழில், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் வந்த காப்பியைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன்.

நாய்க்குப் போட ஆள் இருக்கிறது. மனிதருக்கு அரசுதான் போட வேண்டும். இதைச் சொன்னால் உடனே "டெல்லிக்கு எழுதுங்கள்" என்பார்கள். பட்டினப்பாக்கத்தில் தண்ணீர் தேங்கினால் டெல்லியா மோட்டார் வைத்து இறைக்கிறது? ஆஸ்பத்திரியை நடத்துவது மாநில அரசு, படுக்கை போடுவதும் அது. அந்தப் படுக்கைக்கு ஆள் வராமல் தடுக்கும் ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் போடக் கூடாதா? நான் கேட்டது பிச்சையல்ல.

மாநில அரசின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தேன். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பட்டை கெடாமல் இருக்கிறதா என்று முதலில் காட்டச் சொன்னார் அதிகாரி. நியாயமான கேள்விதான். மயிலாப்பூரில் தெரிந்த மருந்துக்கடை ஒன்றில் ஒரு கட்டு வைத்தோம். இன்னொரு கட்டைப் பட்டினப்பாக்கத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் கொடுத்தேன். அவருடைய கணவர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்ட ஒரே வாரத்தில் இறந்தவர். நான் கேட்டு முடிப்பதற்குள் அக்கா கையை நீட்டினார். "சூடு படாத இடமா வைங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது, ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரத்துக்கு அடியிலிருந்து கட்டை உருவிக் கொடுத்தார். உறைக்குள் தண்ணீர் இறங்கி எல்லாம் ஊறிப் போயிருந்தன. அத்தனை பேர் நடுவே கத்திவிட்டேன்.

"இன்னாத்துக்கு இப்ப கூவுற? சூடு படக் கூடாதுன்னு நீதான சொன்ன? நல்ல மீனை எங்க வச்சிக்கினு கீறனோ, அங்கதான் உன் அட்டையையும் வச்சேன். அதைவுட நல்ல எடம் என்கிட்ட ஏது?"

சுகாதார நிலையத்து நர்ஸும் இதையேதான் செய்திருப்பார். மழை நாளில் மின்சாரம் போனால், தடுப்பூசி இருக்கும் ஐஸ் பெட்டிக்குள்தான் பட்டையையும் போடுவார். ஏ.சி. அறையில் உட்கார்ந்து உறை செய்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான்.

மருந்துக்கடைக் கட்டு நன்றாக இருந்தது. அதை மட்டும் காட்டலாம் என்றார்கள் கூட இருந்த இருவரும். முடியாது என்றேன். ஊறியதையும் எடுத்துக்கொண்டேன். விஷயம் கேட்ட அக்கா, "நானும் வரேன்" என்று ஒரு பிளாஸ்டிக் கவருடன் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அதிகாரி ஊறிய பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டுப் போனதைக் கொண்டுவந்து காட்டி நிதி கேக்கறீங்களே?"

"ஆமா சார். எங்க கெடும்னு தெரிஞ்சுடுச்சு. உறையை மாத்தி மறுபடி சோதிக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"ஜெயிக்கும்னு உத்தரவாதம் தர முடியுமா?"

"முடியாது. உத்தரவாதம் இருந்தா பேங்குக்குப் போயிருப்பேன், இங்க வந்திருக்க மாட்டேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர் கோபப்படாமல் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தார். "நம்ம பதிவுல எலிக் காய்ச்சல் சாவு ரொம்பக் கம்மியா இருக்கே மேடம். இதுக்குப் போய் எப்படி நிதி ஒதுக்கறது?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கவரைப் பிரித்து, மடிப்பில் கிழிந்துபோன ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். "எங்க வூட்டுக்காரர் பேப்பரு சார். இங்கிலீஷ்ல கீது. இன்னாத்துல பூட்டாருன்னு போட்டுகீது, படிச்சி சொல்லு."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். "காரணம் தெரியாத காய்ச்சல்னு இருக்கும்மா."

"தெரிஞ்சாத்தான் பதிவுல சேத்துக்குவ. தெரிஞ்சிக்கிறதுக்குத் துட்டு தர மாட்ட" என்றார் அக்கா. "அப்ப அந்தாளை எதுல சேக்கறது சார்?"