உமர் வேஷம்

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வேஷம் கட்டுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் நான் முருகன், இரண்டாம் வகுப்பில் ஆண்டாள். முருகனாக இருந்த அன்று அப்பாவே என் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். அதனால் மூன்றாம் வகுப்பில், பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கலீஃபா உமராகப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது ஒருவருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. நான் பெண் என்பதுகூட யாருக்கும் நினைவு வரவில்லை.

உமரை எனக்குச் சொன்னவர் ராவுத்தர். மாட்டு வியாபாரி. வேலந்தாவளம் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் தோட்டத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அவர் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாத மாட்டை அப்பா வாங்கமாட்டார். ஒருநாள் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், பேச்சோடு பேச்சாக உமரைப் பற்றி ஆரம்பித்தார். பெரிய ராஜ்ஜியத்தை ஆண்டவர், ஆனால் பஞ்சம் வந்தபோது ஊருக்குக் கிடைக்காத நெய்யைத் தானும் தொடமாட்டேன் என்றவர். ஜெருசலேம் நகரம் அவர் வசம் வந்தபோது அவரும் ஒரு பணியாளும் அங்கே புறப்பட்டார்கள். இருவருக்கும் ஒரே ஒட்டகம். மாறி மாறி ஏறிக்கொள்வதென்று பேச்சு. ஊர் நெருங்கும் நேரத்தில் முறை பணியாளுடையது. அவர் எவ்வளவோ கெஞ்சியும் உமர் கேட்காமல், ஒட்டுப்போட்ட அங்கியோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஊருக்குள் போனாராம்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. முருகனையும் ஆண்டாளையும்விட என்றுகூடச் சொல்லலாம்.

ஒட்டுப்போட்ட அங்கி வேண்டும் என்றேன். ராஜாவுக்குச் சரிகை இல்லாவிட்டால் எப்படி என்றார் அப்பா. அம்மா இருவர் பேச்சையும் தட்டாமல், அப்பாவின் பழைய ஜிப்பாவில் கல்யாணப் புடவைத் துணியை வெட்டிச் சரிகை ஒட்டுகளாகப் போட்டுத் தைத்தார். தேங்காய் நாரில் மை பூசி, மைதாப் பசையால் தாடி ஒட்டினார். ஒட்டகத்தைச் செய்தவர் எங்கள் தோட்டத்துப் பண்ணையாள். என் அப்பாவைவிட வயதில் மூத்தவர், நான் அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். ஒட்டகத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பெஞ்சின் மேல் வைக்கோலைக் கட்டிச் சாக்கைப் போர்த்தி, கழுத்தும் திமிலுமாக அவர் நிமிர்த்தியது பார்க்க ஒட்டகமாகத்தான் இருந்தது.

விழாவுக்கு முதல்நாள் ராவுத்தர் வந்தார். தாடியும் அங்கியுமாக ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, நாந்தான் உமரு!"

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கொடுத்த டீயை வாங்கி, குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். அப்பாவின் முகம் செத்துப்போனது.

"ஏனுங்க ராவுத்தரே, ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

"புள்ளை ஆசையாத்தான் செஞ்சிருக்குதுங்க. ஆனா எங்கள்ல அவங்களுக்கு வேசங் கட்டறதில்லீங்க. படமும் எழுதறதில்ல."

சாமிக்கே வேஷம் கட்டும் வீட்டுக்கு இது புதிய செய்தி. அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. உடனே தாடியைப் பிய்க்கச் சொன்னார். தோலும் கூட வந்ததுபோல் எரிந்தது. நான் தரையில் புரண்டு அழுதேன். அந்த நிமிடம் உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத ஆள் ராவுத்தர்தான்.

அவரால் தாங்க முடியவில்லை. "கண்ணு, ஒட்டகத்து மேல உக்காந்து வந்தாரில்ல, அந்த ஆளா வேசங் கட்டிக்கோ" என்றார்.

"அது வேலைக்காரனுங்க! எனக்கு வேண்டாம்!"

"வேலைக்காரர்தான். ஆனா ஊரு முச்சூடும் மேல இருந்தவரைத்தானே நிமிந்து பாத்துச்சு?"

இந்த நியாயம் எனக்குப் பிடித்தது. ஒட்டகமும் கைவிட்டுப் போகாது. சம்மதித்தேன். அப்பா மூச்சு விட்டார். ராவுத்தர் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

மறுநாள் மேடையில் ஒட்டகத்தின் மேல் நான் மட்டும்தான் இருந்தேன். அதன் கழுத்திலிருந்து போன கயிறு பக்கத்துத் திரைக்குள் மறைந்தது. அங்கே ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் கையைக் காட்டி, "என்னைப் பார்க்காதீர்கள், நடந்து போகிறவர்தான் எங்கள் தலைவர்" என்றேன். கூட்டம் கைதட்டி ஓயவில்லை. முன்வரிசையில் இருந்த அப்பாவும் ராவுத்தரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பண்ணையாள் கடைசியில் சுவர் ஓரமாக நின்று பார்த்தார்.

சாயங்காலம் மாட்டு வண்டியில் வீடு திரும்பினோம். அப்பா, ராவுத்தர், நான், பெஞ்சு, அதன் மேல் வைக்கோல் ஒட்டகம். அதற்கு மேல் வண்டியில் இடமில்லை. பண்ணையாள் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பாவும் ராவுத்தரும் உமரின் பெருந்தன்மையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். ராஜா என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பாதி வழியில் பண்ணையாள் நடந்தபடியே கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, மேல உக்காந்து வந்தானே அந்த ஆளு, ஊருக்குள்ள போன பொறகும் அவனை எறங்கச் சொல்லலீங்களா?"

"இல்லையே. கடைசி வரைக்கும் எறங்கவே இல்ல."

அவர் நின்று, திரும்பி வண்டியைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தான் கட்டிய வைக்கோல் சரிந்துவிட்டதோ என்று கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்குத் தைரியம் சொன்னேன்.

"ஒட்டகம் பத்தரமாத்தான் இருக்குது. நீ நட."