சம்பந்திகளின் சிலிண்டர்

பஸ் டிப்போவில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவரை எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஆறடி. எண்ணெய் சூடாகும் முன்பே வெடிக்கிற குணத்துக்கு வந்த பெயர் அது. மனைவி போன பிறகு சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையே அவருக்கு உலகம். அங்கே உட்கார்ந்து மேசைமேல் வைத்து ஓட்டுகிற சின்ன நீராவி எஞ்சின்களைச் செய்துகொண்டிருந்தார்.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் சம்பந்தி ஒருநாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர். வீட்டில் ஒரு சின்ன லேத்தும் வைத்திருந்தார். பார்த்தவர் ஒட்டிக்கொண்டார். இருவரும் சேர்ந்து பெரிதாக ஒன்று செய்வதென்று முடிவாகி, வெளிநாட்டிலிருந்து வரைபடமும் வார்ப்பிரும்புத் துண்டுகளும் வரவழைத்தார்கள். வரைபடம் முழுக்க இன்ச். அரைக்கால், வீசம் என்று பின்னங்கள். இவர்கள் லேத்திலோ மில்லிமீட்டர். சிலிண்டர் சம்பந்தி பொறுப்பு, அதற்குள் ஓடும் பிஸ்டன் கடுகு பொறுப்பு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்த அன்று பிஸ்டன் வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஒரு இன்ச்சுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்றார் கடுகு.

"இருபத்தஞ்சு. கணக்குப் போட வசதியா."

"இருபத்தஞ்சு புள்ளி நாலு, சம்பந்தி."

"தெரியும். எல்லாத்தையும் இருபத்தஞ்சுல செஞ்சா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். எஞ்சின் கடுகளவு சின்னதா இருக்கும், அவ்வளவுதான். நீங்க பிஸ்டனைக் கொஞ்சம் குறைச்சிடுங்க."

சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கடுகுக்கு உச்சந்தலை வரை ஏறியது. அந்தக் 'கடுகளவு' வேறு.

"வரைபடத்தை மீறினது நீங்க. குறைக்கிறது நானா?"

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு வரையச் சொல்லிக் குடுத்தவன் நான்."

"வரையத்தானே சொல்லிக் குடுத்தீங்க. வெட்ட இல்லையே."

சம்பந்தி சிலிண்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு சண்டை மகள் தலையில் விடிந்தது. "குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சுப்பா," என்றாள் போனில். "உங்க வீட்டுல எல்லாமே புள்ளி நாலு கூடத்தான் இருக்கும்னு சொல்றார் மாமா."

கடுகு மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டில் போய் நின்றார். சம்பந்தி நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். கடுகு அலமாரியிலிருந்து சிலிண்டரை எடுத்தார்.

"அவர் வந்ததும் கேட்டுட்டு எடுங்கப்பா."

"இதுல பாதி என்னோடது."

"எந்தப் பாதி?" என்றாள் மகள். அவர் காதில் வாங்காமல் படியிறங்கிவிட்டார்.

துளையைப் பெரிதாக்கத் தன் லேத்தில் கோபத்தோடு மாட்டினார். மையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பயிற்சிக்கு வந்த பையன்கள் யாராவது அப்படி மாட்டியிருந்தால் வெளியே துரத்தியிருப்பார். உளி ஒரு பக்கமாகவே தின்றுகொண்டு போனது. சத்தம் மாறியதும் நிறுத்தினார். சுவர் உடைந்து, நீராவி போகிற துவாரத்தோடு சேர்ந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"என் வீட்டுல இருந்தவரைக்கும் இது சிலிண்டரா இருந்துச்சு."

"வார்ப்புலேயே கோளாறு."

"வார்ப்புலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கடுகு பொய் சொன்னது இருவருக்குமே தெரிந்திருந்தது.

வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த வார்ப்பு இப்போது கிடையாது என்று பதில் வந்தது. கடுகு ஒரு வெண்கல உருளையை வாங்கி, சிலிண்டரை அதிலிருந்தே குடைய ஆரம்பித்தார். பாதியில் துளைக்கம்பி உள்ளே முறிந்தது. உருளையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். மகள் வரும்போதெல்லாம், "உங்க மாமாகிட்டச் சொல்லு, புள்ளி நாலோடதான் செய்றேன்னு," என்று ஆரம்பிப்பார். ஒருநாள் அவள் பையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசலைன்னா போங்க. என் வழியாப் பேசாதீங்க. அங்க போனா உங்க பொண்ணு, இங்க வந்தா அவங்க மருமக. நான் எங்கதான் உக்கார்றது?"

அதற்குப் பிறகு கடுகு எதுவும் சொல்லியனுப்பவில்லை. அவளும் அதிகம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு எஞ்சின் தயாரானது. போனில் ஒரே வரி சொன்னார்: "ஓடப் போகுது." மகள் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. கடுகு கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். சக்கரம் தயங்கி, இரண்டு முறை பின்வாங்கி, பிறகு பிடித்துக்கொண்டது.

சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "பிஸ்டன் லேசாத் தட்டுது."

தட்டத்தான் செய்தது, துளை மயிரிழை கூடிப்போனால் கேட்கிற சத்தம். காலையில் ஓட்டிப் பார்த்தபோதே கடுகுக்கு அது கேட்டிருந்தது.

"நீங்க நின்னாத் தட்டும். போய்ட்டீங்கன்னா தட்டாது."

சம்பந்தி நிமிர்ந்தார். "வாம்மா, போகலாம்."

"நீங்க போங்க மாமா. நான் பஸ்ல வரேன்."

அவர் போனார். மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டீ போடட்டுமா?" என்றார் கடுகு.

"வேண்டாம்."

விளக்கு அணைகிறவரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றதும் எழுந்து, "தட்டுதுப்பா," என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.