அஞ்சலை செய்த மர மெஷின்

அஞ்சலைக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்க வேண்டும். அவையும் மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இன்னும் வந்து சேராத வேலைகளாக இருக்கும். கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினாள். அங்கேயே ஸ்டோரில் ரப்பர் பெட்டிகளுக்கு ஆணி அடித்தாள். ஆணிக்கு இரண்டு அடிதான். மூன்றாவது அடி அடிக்கிறவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, மகள் மல்லிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தாள். கால்வாய் வெட்டுகிற இடத்தில், "என்ன வேலை தெரியும்?" என்று கேட்ட, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சேதுராமனிடம், "என்ன வேலை இருக்கு?" என்று திருப்பிக் கேட்டு மண் சுமக்கச் சேர்ந்தாள்.

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மழை பெய்தால் காஜா பெராங் கம்பத்துக் குடியிருப்பில் வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். அதை வடித்துவிடத்தான் அந்தக் கால்வாய். ஆண்கள் வெட்டிப் போட, ஐந்து பெண்கள் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டினார்கள். தோட்டத்திலாவது பிள்ளைகளை விட்டுவிட்டு வர ஆயாக் கொட்டகை உண்டு. டவுனில் அதற்கு எங்கே போவது? ஐந்து பேருடைய ஒன்பது பிள்ளைகளும் அம்மாக்களோடு வேலைக்கு வந்து, ரம்புத்தான் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தன.

மண் தோண்டுகிற மெஷின் வரும்வரை ஒரு தொல்லையும் இல்லை. சங்கிலிக் காலும் நீளமான கையும், கை நுனியில் பல் வைத்த வாளியுமாக அது லாரியிலிருந்து இறங்கியது. செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருகிற ஹனீபாதான் டிரைவர். அவன் கம்பியை இழுத்தால், இரும்புக் கயிறு முறுக்கிக்கொள்ள, வாளி மண்ணைக் கடித்துத் தூக்கியது. ஒரு வாளி மண் முப்பது கூடை மண். இனி கூடைக்கு எத்தனை நாள் வேலை என்று ஐந்து பெண்களும் கணக்குப் போட்டார்கள்.

பிள்ளைகளுக்கோ தலைகால் புரியவில்லை. மரத்தடி காலி. எந்நேரமும் மெஷினைச் சுற்றித்தான் கும்பல். ஒரு புதன்கிழமை, கோகிலாவின் மகன் தியாகுவின் தலைக்கு ஒரு சாண் தள்ளி வாளி போயிற்று. ஹனீபா கீழே குதித்து, மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சேதுராமன் ஓடி வந்தார். "திங்கக்கெழமையிலேர்ந்து மெஷின் பக்கம் ஒரு புள்ளையப் பாத்தேன்னா, அஞ்சு பேரும் வேலைக்கு வர வேணாம். காண்ட்ராக்ட் எடுத்த தவுக்கேகிட்ட என்னால பேச்சு வாங்க முடியாது."

"கால்ல கயித்தக் கட்டி மரத்துல போட்டுற வேண்டியதுதான்" என்று அழுதாள் கோகிலா.

"ஏன், மாடா அது?" என்றாள் அஞ்சலை. "மெஷினப் பாக்காதேன்னா எந்தப் புள்ள கேக்கும்? அதுங்களுக்குன்னு ஒரு மெஷினக் குடுத்துட்டாப் போச்சு."

"கடையில விக்கிறாங்களாக்கா?"

"கடை எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

அன்று மாலையே ஆரம்பித்துவிட்டாள். மெஷினுக்கு இரும்புக் கயிறு சுற்றி வந்த மர உருளைகள் இரண்டு கிடந்தன. அவற்றின் வட்டப் பலகைகளைக் கழற்றியதும் நான்கு சக்கரம் ஆயிற்று. சாமான் வந்த பெட்டியை உடைத்து உட்கார இடம் செய்தாள். முன்னால் ஒரு நீளக் கட்டையை ஆணி அடித்து, "இதுதான் கை" என்றாள். வியாழக்கிழமை காலையில் தியாகு அதில் ஏறி உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்தில் இறங்கினான்.

"இது தோண்டல" என்றான். ஒன்பதும் மறுபடி ஹனீபாவின் மெஷினைப் பார்த்து ஓடின.

அஞ்சலைக்கு ரோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சோற்றைக்கூடத் தொடாமல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்தக் கயிறு எதை இழுக்கிறது, கை எங்கே மடங்குகிறது என்று ஹனீபாவைக் குடைந்தெடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மர மெஷினுக்கு உயிர் வந்தது. உட்காருகிற பெட்டி ஒரு பெரிய போல்ட்டின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. சாய்வாக வெட்டிய பிஸ்கட் டின்தான் வாளி. ஒரு கட்டையை இழுத்தால் டின் மண்ணை அள்ளும். இன்னொன்றை இழுத்தால் மேலே எழும்பும்.

தியாகுதான் முதலில் ஏறினான். டின் நிறைய ஈரமண். இழுத்தான். டின் எழும்பவில்லை, மெஷின் எழும்பியது. வால் ஆகாயத்தைப் பார்க்க, மூக்கு மண்ணில் குத்த, பையன் உதட்டில் ரத்தம். கோகிலா ஓடி வந்து மகனை அள்ளிக்கொண்டாள்.

"போதும்க்கா. விட்ருங்க. நம்ம தலையெழுத்து எப்படியோ அப்படி ஆவட்டும்."

அஞ்சலைக்கு அப்போதுதான் பயம் வந்தது. தன் ஒரு வீட்டு அடுப்பு என்றால் சமாளித்துவிடுவாள். ஐந்து வீட்டு அடுப்பையும் நம்பச் சொல்லி வாயை விட்டுவிட்டாளே! ஆனால் பயத்தோடு உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது. தெரியாத அந்த இரண்டு மூன்று வேலைகளில் அதுவும் ஒன்று.

"தம்பி, ஒன் மெஷின் மட்டும் ஏன் கவுற மாட்டேங்குது?" என்று ஹனீபாவிடம் போய் நின்றாள்.

அவன் சிரித்தான். "பின்னால தட்டிப் பாருங்கக்கா. பூராவும் இரும்புக் கட்டி. முன்னால வாளி கனக்க கனக்க, பின்னால அது புடிச்சுக்கும்."

இவ்வளவுதானா? வால் பக்கம் ஒரு கல்லைக் கட்டலாம் என்று முதலில் நினைத்தாள். கல் அவிழ்ந்து யார் காலிலாவது விழுந்தால்? அப்போது மரத்தடியில் ஒன்பது பிள்ளைகளும் மர மெஷினில் உட்காருகிற அந்த ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்வது காதில் விழுந்தது. அஞ்சலை கல்லைத் தூக்கி எறிந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வாலில் இன்னொரு இடம் செய்து, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வைத்தாள். முன்னால் ஒரு பிள்ளை தோண்ட, பின்னால் ஒரு பிள்ளை பாரமாக உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்ததற்குத்தான் அடுத்த முறை தோண்டுகிற உரிமை.

திங்கட்கிழமை சேதுராமன் நேராக ஹனீபாவின் மெஷினுக்குப் போனார். பிள்ளை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. ரம்புத்தான் மரத்தடியில் மல்லிகா முன்னால், தியாகு பின்னால். மற்ற ஏழும் வரிசையில் நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் கால்வாயே வெட்டியாகிவிட்டது.

சேதுராமன் குனிந்து, கட்டையை ஆட்டிப் பார்த்தார். "எந்த ஆசாரி செஞ்சது?"

"அந்த ஆசாரி கூடையோட ஒங்க முன்னாலதான்யா நிக்கிறா."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "புள்ளைங்க விஷயம் முடிஞ்சுது அஞ்சலை. ஆனா மெஷின் வந்துடுச்சு. இந்த மாசத்தோட மண்ணு சொமக்க ஆள் வேணாம்னு தவுக்கே சொல்லிட்டாரு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

அஞ்சலை கூடையைக் கீழே வைத்தாள்.

"கால்வாய்க்கு ரெண்டு பக்கமும் கங்கிரீட் போடணும்ல? அதுக்குப் பலகை அடிச்சு நிறுத்தணும். அதைச் செய்ய மெஷின் வந்திருக்காய்யா?"

"இல்ல."

"நான் செய்றேன்."

சேதுராமன் மர மெஷினை இன்னொரு தடவை பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார், ஆணி இறங்கிய சுத்தத்தைப் பார்த்தார். "சரி. நாளையிலேர்ந்து நீ பலகை வேலைக்கு வா. நீ மட்டும்."

அஞ்சலை மர மெஷின் பக்கம் திரும்பினாள். மல்லிகா டின் நிறைய மண்ணைத் தூக்கும்வரை காத்திருந்தாள். "தியாகு, எறங்குடா" என்றாள்.

அவன் குதித்தான். மெஷின் மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்தது. டின் மண் முழுதும் மண்டோரின் காலில், சப்பாத்தின் மேல். மல்லிகா கீழே விழுவதற்குள் அஞ்சலை வாலைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"நான் மட்டும் வந்தா இப்படித்தான்யா ஆவும். ஒருத்தி அறுக்கணும், ஒருத்தி புடிக்கணும், ரெண்டு பேரு தூக்கி நிறுத்தணும். ஆணி நான் அடிச்சுக்கறேன். வந்தா அஞ்சு பேரும் வர்றோம். இல்லன்னா நானும் இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, வாலைப் பிடித்திருந்த கை வலித்தது. சேதுராமன் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு, தவுக்கேயைப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலையில் பேர் கூப்பிட்டார்கள். பலகை வேலைக்கு என்று தனியாக ஒரு வரிசை. "கோகிலா" என்றார் சேதுராமன். பிறகு இன்னும் மூன்று பெண்களின் பெயர். கடைசியாக, தலையை நிமிர்த்தி, "அஞ்சலை எங்க?" என்றார்.

"இங்கதான்யா இருக்கேன்" என்றாள் அவள், வரிசையின் கடைசியில் நின்று. "பின்னால."