ரிஷபமா, மேஷமா?

எங்க அண்ணி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளிய நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. ஆனா அவங்க பாக்கற வேலை என்ன தெரியுமா? ஸ்கேன் சென்டர் வரவேற்பு மேஜையில உக்காந்து, பயந்து வர்றவங்களுக்குத் தைரியம் சொல்றது! "ஒண்ணும் இருக்காதுங்க, சட்டுனு முடிஞ்சிடும், தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க"ன்னு அவங்க சொல்ற விதத்துல பாதி வியாதி வாசல்லயே போயிடும். அதே ஆளு, வீட்ல நேரங்கெட்ட நேரத்துல போன் அடிச்சா வெலவெலத்துப் போயிடுவாங்க. நானும் அங்கதான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். அதனால அண்ணியோட ரெண்டு முகமும் எனக்கு அத்துப்படி.

பயமெல்லாம் எங்க அண்ணனை நினைச்சுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். உள்ளே நின்னு பட்டன் துடைக்கிற வேலைன்னு நினைச்சுடாதீங்க. லிஃப்ட் கூண்டோட கூரை மேல ஏறி நின்னுக்கிட்டு, அந்த இருட்டுல லிஃப்ட் ஏறி இறங்குற தண்டவாளத்துக்கு எண்ணெய் போடணும், இரும்பு வடத்தை இழுத்துப் பார்க்கணும். அங்க போன் எடுக்காது. கல்யாணமான புதுசுல அண்ணி ஒருநாள் சாப்பாடு கொண்டு போயிருக்காங்க. இவன் கதவைத் திறந்து, "இதோ இங்கதான் நிப்பேன், பாரு"ன்னு பெருமையா காட்டியிருக்கான். மடையன்! அன்னிக்குப் போன தூக்கம்தான் அவங்களுக்கு.

பயந்தவங்க கடைசியில எதையாவது பிடிச்சுக்கத்தானே செய்வாங்க? அண்ணி ராசியைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்ல யாருக்கும் ஜாதகம் எழுதல, அப்பாவுக்கு அதெல்லாம் ஆகாது. அண்ணன் பிறந்த தேதியும் நேரமும் மட்டும் அம்மா ஞாபகம் வச்சிருந்தாங்க. எங்க சென்டர்ல ரத்தம் எடுக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா, இங்கிலீஷ் ஜோசியப் பைத்தியம். "நான் லியோ, அதான் எனக்கு இவ்வளவு கோபம்"னு யாரைப் பார்த்தாலும் சொல்லுவா. அவதான் அண்ணி போன்ல அந்த ஆப்பை ஏத்திக் குடுத்தா. இங்கிலீஷ்காரங்க சூரியன் இருக்கிற இடத்தை வச்சு ராசி சொல்வாங்க, நம்ம ஜோசியர்ங்க சந்திரன் இருக்கிற இடத்தை வச்சு சொல்வாங்க, இது வரைக்கும் அண்ணிக்குத் தெரியும். புத்திசாலியாச்சே! சூரியன் வரியை விட்டுட்டு சந்திரன் வரியைப் பார்த்தாங்க. "டாரஸ், பன்னெண்டு டிகிரி"ன்னு இருந்துச்சு. டாரஸ்னா ரிஷபம். அண்ணன் அன்னையிலிருந்து ரிஷப ராசிக்காரனாயிட்டான்.

மாசா மாசம் சந்திரன் நம்ம ராசிக்கு எட்டாவது ராசியில வந்து நிக்கிற ரெண்டு சொச்ச நாளைத்தான் சந்திராஷ்டமம்னு சொல்றது. ஆகாத நாள். சமையலறையில மாட்டியிருக்கிற கிழிக்கிற காலண்டர்ல இன்னிக்கு எந்த ராசிக்குன்னு போட்டிருக்கும். ரிஷபம்னு வந்துட்டா போச்சு, வீடே ஆஸ்பத்திரிதான். அண்ணிக்குத் தலை சுத்தும், நெஞ்சு படபடக்கும், அண்ணனோட பைக் சாவி காணாமப் போகும். அவனும் பேசாம லீவு சொல்லிட்டு உக்காந்து வெங்காயம் நறுக்குவான். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? பொண்டாட்டி ரெண்டு நாளாவது நிம்மதியா மூச்சு விடட்டுமேன்னுதான். இப்படியே நாலு வருஷம் ஓடிடுச்சு.

போன வாரம் வயித்து ஸ்கேனுக்கு ஒரு பெரியவர் வந்தாரு. தொழில் என்னன்னு கேட்டதுக்கு, யார் காதுலயும் விழுந்துடக்கூடாதுங்கற மாதிரி "ஜோசியம்"னாரு. ஊருக்கெல்லாம் பலன் சொல்றவரு, உள்ளே கூப்பிடப்போறாங்களேன்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அண்ணி அவருக்குத் தண்ணி குடுத்து, பேச்சும் குடுத்தாங்க.

"எங்க வீட்டுக்காரருக்கு ரிஷபம் சார். நாளைக்கு சந்திராஷ்டமம் ஆரம்பிக்குது. மனசே சரியில்ல."

"நட்சத்திரம் என்னம்மா?"

"தெரியலைங்க. இதுல பார்த்ததுதான்"னு அண்ணி போனை நீட்டினாங்க.

அவரு கண்ணாடியை மூக்குல இறக்கிப் பார்த்தாரு. "இது வெளிநாட்டுக் கணக்கும்மா. நம்ம கணக்குல இவருக்கு ரிஷபம் வராது."

"ஏன் சார்? சந்திரனைத்தானே பார்த்தேன்?"

"சந்திரன் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ராசியை எங்கயிருந்து அளக்க ஆரம்பிக்கிறதுங்கறதுலதான் வித்தியாசம். மார்ச் மாசத்துல பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள் இருக்கே, அன்னிக்கு சூரியன் நிக்கிற இடம்தான் அவங்களுக்கு மேஷத்தோட தொடக்கம். நாம வானத்து நட்சத்திரத்தை அடையாளமா வச்சு அளக்கிறோம். ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா விலகி, இப்ப கிட்டத்தட்ட இருபத்துநாலு டிகிரி ஆயிடுச்சு. ரிஷபத்துல பன்னெண்டுன்னு போட்டிருக்கா? அதுலருந்து இருபத்துநாலு பின்னால போங்க. மேஷத்துக்கு வந்துடுவீங்க. பரணி நட்சத்திரம்."

அண்ணி போனைத் திருப்பி வாங்கி அந்த வரியையே பார்த்தாங்க.

"ராசியை அவங்க கணக்குல எடுத்துட்டு, நாளை நம்ம காலண்டர்ல பார்த்திருக்கீங்க. மேஷத்துக்கு நேத்தே ஆரம்பிச்சாச்சேம்மா. இன்னிக்கு முழுக்க இருக்கு."

அதுக்குள்ள உள்ளேயிருந்து கூப்பிட்டாங்க, அவரு அவரோட பயத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. அண்ணி எழுந்து என் தடுப்புக்குள்ள வந்தாங்க. முகத்துல ஈயாடல.

"நாலு வருஷமா நானே அனுப்பி வச்சிருக்கேன்டி. நல்ல நாள்ல பூட்டி வச்சுட்டு, ஆகாத நாள்ல டிபன் பாக்ஸைக் கையில குடுத்து போயிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"நாலு வருஷமா ஒண்ணும் ஆகலையே அண்ணி! அப்ப இதெல்லாம் சும்மான்னுதானே அர்த்தம்? விட்டுத் தள்ளுங்க."

"இன்னிக்குன்னு சேர்த்து வச்சிருந்தா?"

சொன்னா வெக்கக்கேடு, விட்டுத் தள்ளுங்கன்னு சொன்ன நானே அண்ணனுக்குப் போன் அடிச்சேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துச்சு. எப்பவும் அப்படித்தான் வரும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பத் திரும்ப அடிச்சேன். அண்ணி பையைக்கூட எடுக்காம வெளியே ஓட, நானும் பின்னாலயே ஓடினேன்.

டாக்சியில அவங்க என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் அழுந்தி வலிச்சுது. ஒவ்வொரு சிக்னலா நின்னு நின்னு போச்சு அந்த வண்டி. "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க"ன்னு நான் கத்தினதுல டிரைவர் பிரசவக் கேஸான்னு திரும்பிப் பார்த்தாரு.

அது புதுசா கட்டி முடிச்ச அடுக்குமாடி. யாரும் குடிவரல. வாசல்ல வாட்ச்மேன், "மெக்கானிக் மட்டும்தான் உள்ளே இருக்காரு, காலையில போனவரு இன்னும் வரல"ன்னாரு. காலையில போனவரு இன்னும் வரலையாமே! அண்ணிக்கு அது போதாதா? கீழ்த்தளம் முழுக்க பெயின்ட் வாசனை. சுவரெல்லாம் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. "என்னங்க!"ன்னு அண்ணி கூப்பிட்டது மாடி மாடியா ஏறிப் போச்சே தவிர, பதில் வரல. இன்னொரு தடவை கூப்பிட்டாங்க. பதில் இல்ல.

லிஃப்ட் கதவு முன்னால "வேலை நடக்கிறது"ன்னு ஒரு போர்டு நின்னுச்சு. அண்ணி அதை ஒரே தள்ளா தள்ளிட்டு பட்டனை அழுத்தினாங்க. அழுத்தினாங்கன்னா, விடாம, குத்து குத்துன்னு குத்தினாங்க. நான் பக்கத்துல மரமா நின்னேன். மேல எங்கயோ டக்குனு ஒரு சத்தம். மறுபடி டக். மறுபடி டக்.

"எவன்டா அது! கையை எடுடா!"

அண்ணன் குரல்தான். பிறந்ததுலருந்து அவன் கூட வளர்ந்திருக்கேன், அப்படி ஒரு குரலை அவன்கிட்ட கேட்டதே இல்ல. அண்ணி கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல படியில இறங்கி வந்தான். எங்களைப் பார்த்ததும் கடைசிப் படியிலயே உக்காந்துட்டான். முழங்கை வரைக்கும் கிரீஸ். அண்ணி அவன் தலை, தோள், கை எல்லாம் தடவித் தடவிப் பார்த்து அழுதாங்க. "ரிஷபம் இல்லியாம், மேஷமாம், தப்புப் பண்ணிட்டேன்"னு உளறினாங்க. அவனுக்கு ஒரு எழவும் புரியல. "ஒண்ணும் ஆகியிருக்காது, லிஃப்டை நிறுத்துற சுவிட்சை அணைச்சுட்டுத்தான் வேலை பார்த்தேன்"னு மட்டும் சொன்னான். ஆனா தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க அவன் கைக்கு முடியல. நான்தான் திறந்து குடுத்தேன்.

சாயங்காலம் மூணு பேரும் சமையலறை மேஜையில உக்காந்தோம். யாருக்கும் சாப்பாடு இறங்கல. அண்ணிதான் கேட்டாங்க.

"நிஜமாவே சுவிட்சை அணைச்சிருந்தீங்களா?"

அண்ணன் தட்டையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"இல்ல."

நான் கரண்டியைக் கீழே வச்சுட்டேன்.

"கதவு இடுக்குல ஒரு பிளாஸ்டிக் தாள் சிக்கியிருந்துச்சு. கதவு மூடப் பார்க்கும், முடியாம திறக்கும். அதான் அந்த டக் டக். மூடியிருந்தா லிஃப்ட் கீழே கிளம்பியிருக்கும். நான் கூரை விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தேன்."

அண்ணி, எதிர்ல இருந்த எனக்கே சரியா கேக்காத குரல்ல, "அப்ப அந்த ஜோசியர் சொன்னது சரிதானே? இன்னிக்கு உங்களுக்கு ஆகாத நாள்தானே?"ன்னாங்க.

அண்ணன் கோபப்படல. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"பட்டனை அழுத்த அந்தக் கட்டடத்துல ஒரு ஆள் கிடையாதும்மா. அந்தத் தைரியத்துலதான் சுவிட்சைத் தொடாம ஏறினேன். நாள் முழுக்க யாரும் வரல. நீ ஒருத்திதான் வந்தே."

அண்ணி வலது கையை மேஜையிலருந்து எடுத்து மடியில வச்சு, இடது கையால இறுக்கி மூடிக்கிட்டாங்க.